குன்னூர் எலிகளும் இதயத்துக்கான கேப்சூலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். நம் மலையில் நடந்த ஒரு பெரிய வரலாறு இது. நம் பென்ஷன் பணமும் நம் இதயமும் இதில் சம்பந்தப்பட்டிருப்பதால் எழுதுகிறேன்.

குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் நம் எல்லோருக்கும் தெரிந்த இடம். நாய்க்கடிக்கு மருந்து தயாரித்த இடம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். 1907ல் தொடங்கியது. ஆனால் அதே வளாகத்தில் இன்னொரு ஆய்வுக்கூடம் ஏறக்குறைய நாற்பது வருடம் இயங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதன்முதலில் முறையாக ஆராய்ந்த இடம் அது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறந்த வீடு நம் குன்னூர்தான்.

அந்த ஆய்வுக்கூடத்தின் கதையைச் சொன்னால், இன்று 'இதயத்துக்கு நல்லது, ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று வீடு தேடி வந்து விற்கிறார்களே, அந்த கேப்சூலின் கதையும் தானாக விளங்கும்.

1918ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூருக்கு வந்தார். அயர்லாந்துக்காரர். பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று ஆராய்வதுதான் வேலை. தீட்டிய அரிசியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கிச் செத்துப்போகும் நோய் அது. பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். 1923ல் அரசாங்கம் சிக்கனம் என்று சொல்லி வேலையை நிறுத்தியது. 1925ல் மறுபடியும் தொடங்கினார். சில வருடங்களில் அது 'ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள்' என்ற பெயருடன் தனி நிறுவனமாக வளர்ந்தது.

மெக்கரிசன் செய்த சோதனைகளில் உலகப் புகழ் பெற்றது எலிச் சோதனை. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதையே எலிகளுக்குக் கொடுத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் சாப்பாடு, ஒரு கூட்டத்துக்கு மராட்டியர் சாப்பாடு, கடைசியில் ஒரு கூட்டத்துக்கு மதராஸிகளான நம் சாப்பாடு. முதலிடம் சீக்கியர் சாப்பாட்டுக்கு. கடைசி இடம் நமக்கு!

சீக்கியர் தட்டில் என்ன இருந்தது? முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் கேரட், கோஸ், பால், வாரம் ஒருமுறை கொஞ்சம் இறைச்சி. நம் தட்டில் இருந்தது தீட்டி, கழுவி, சத்தெல்லாம் போன வெள்ளை அரிசிச் சோறு. பருப்பும் காய்கறியும் இருந்தன. ஆனால் தட்டில் பெரும் இடத்தைச் சோறு பிடித்துக்கொண்டது.

இன்னொரு சோதனையில் இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் சாப்பாட்டைக் கொடுத்தார். வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சர்க்கரை போட்ட டீ, வேகவைத்த கோஸும் உருளைக்கிழங்கும், டின்னில் அடைத்த இறைச்சி. அந்த எலிகள் வளரவில்லை. அறுபதாவது நாள் வாக்கில் வலுவான எலிகள் நோஞ்சான் எலிகளைக் கொன்று தின்னத் தொடங்கின என்று எழுதுகிறார் மெக்கரிசன்.

எலி வேறு, மனிதன் வேறு. எலியின் தட்டைப் பார்த்து ஒரு இனத்தின் உடல்வாகையே முடிவு செய்தது அந்தக் காலத்து மிகை. ஆனால் அதற்குள் இருந்த பாடம் உறுதியானது. ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்காதே, தட்டு முழுவதையும் பார் என்பதே அது. 1928ல் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைக்க 'உணவு' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் எழுதினார். ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், அவர் செய்த வேலைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

1935ல் மெக்கரிசன் ஓய்வு பெற, டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு இயக்குநரானார். இவர் காலத்தில்தான் நம் காய்கறிகள், கீரைகள், பழங்கள், தானியங்களில் எந்தச் சத்து எவ்வளவு என்று அளந்து 1937ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். பின்னால் டாக்டர் சி. கோபாலன் குழு அதைப் பெரிதாக்கி 1971ல் வெளியிட்டது. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

அந்த 1971ஆம் வருடப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் ஊட்டி கேரட்டில் 100 கிராமுக்குக் கரோட்டின் 1,890 மைக்ரோகிராம். முருங்கைக்கீரையில் 6,780! கரோட்டினுக்குப் பெயர் கொடுத்ததே கேரட்தான். 1831ல் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர் கேரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். ஆனால் கொல்லையில் சும்மா நிற்கிற முருங்கை அதை மூன்று மடங்குக்கு மேல் தோற்கடிக்கிறது. நெல்லிக்காயில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 600 மில்லிகிராம், கொய்யாவில் 212 என்று அதே பட்டியல் சொல்கிறது.

இனி கவனமாகப் படியுங்கள். குன்னூர் சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். மூன்றுமே பிற்காலத்தில் 'இதய கேப்சூல்' ஆனவை.

முதலாவது கரோட்டின். வைட்டமின் ஏ இல்லாமல் குழந்தைகளுக்குக் கருவிழி உருகிப் பார்வை போகும் நோய் அன்று சென்னை ராஜதானியில் சாதாரணம். அய்க்ராய்டும் சென்னை அரசு கண் மருத்துவமனையின் ஆர். இ. ரைட்டும் சேர்ந்து, கரோட்டின் நிறைந்த சிவப்புப் பனை எண்ணெயைக் கொடுத்து அந்த நோயைக் குணப்படுத்தியதை 1937ல் வெளியிட்டார்கள். நம் பனைமரத்து எண்ணெய் அல்ல, ஆப்பிரிக்க எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து எடுப்பது.

இரண்டாவது வைட்டமின் சி. 1939-40ல் ஹிசார் பஞ்சத்தில் பல் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது நெல்லிக்காய் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். விலை உயர்ந்த மருந்து தேவைப்படவில்லை.

மூன்றாவது ஃபோலிக் அமிலம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் 1929ல் நம் குன்னூருக்கு வந்து மெக்கரிசனின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்த ரத்தசோகையைத் தீர்க்கிறது என்று கண்டுபிடித்தார். அதற்குள் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்ந்து வருவது அதுதான்.

இந்த மூன்றிலும் பொதுவாக இருப்பது என்ன? உடம்பில் ஒரு சத்து இல்லை. இல்லாததைக் கொடுத்தார்கள். நோய் போனது. இது உண்மையான வெற்றி. 1970ல் நம் நாட்டில் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் திட்டம் வந்தது. எத்தனையோ குழந்தைகளின் கண் பிழைத்தது. அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான ஆராய்ச்சி, குன்னூரிலிருந்து 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய அதே நிறுவனம் செய்தது.

ஆகவே மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பற்றாக்குறைக்குக் கொடுக்கும் மாத்திரை உயிர் காக்கும்.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. 'குறைந்தால் நோய் வருகிறது' என்பதிலிருந்து 'கூடினால் நோயே வராது' என்று தாவிவிட்டார்கள். வயலுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் வாடும். அதற்காகக் கழுத்தளவு தண்ணீர் நிறுத்தினால் விளைச்சல் இரட்டிப்பாகுமா?

இந்தத் தாவல் எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

பேரிக்காயை வெட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிறது. எலுமிச்சைச் சாறு தடவினால் அந்த மாற்றம் தாமதமாகும். எண்ணெய் பழசானால் சிக்கு வாடை அடிக்கும். ஆக்சிஜன் செய்கிற வேலை இது. அதைத் தடுக்கும் பொருளுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், தேயிலையில் இருக்கும் ஃபிளேவனாய்டுகள் எல்லாம் இந்த வகை.

1946 வாக்கில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஷூட் என்ற மருத்துவச் சகோதரர்கள் வைட்டமின் ஈ இதய நோயைத் தீர்க்கும் என்று கிளம்பினார்கள். மருத்துவ உலகம் ஏற்கவில்லை. 1956ல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்கர், உடம்புக்குள் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள்தான் முதுமைக்குக் காரணம் என்ற கருத்தை வெளியிட்டார். 1989ல் ஸ்டைன்பெர்க் குழுவினர், எல்.டி.எல். கொழுப்பு ஆக்சிஜனால் கெட்டுப்போன பிறகுதான் ரத்தக் குழாயில் அதிகத் தீங்கு செய்கிறது என்று விளக்கினார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் கொழுப்பு கெடாது, மாரடைப்பு வராது என்று கணக்கு நேராகப் பொருந்தியது.

1993ல் அமெரிக்காவில் 87,000க்கும் மேற்பட்ட நர்சுகளைப் பல வருடம் கவனித்த ஆய்வு வந்தது. வைட்டமின் ஈ அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பத்திரிகைகளில் பெரிய செய்தி. கடைகளில் வைட்டமின் ஈ பறந்தது.

ஆனால் வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது. தானாக முன்வந்து வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் யார்? சிகரெட் பிடிக்காதவர், நடைப்பயிற்சி போகிறவர், ஒழுங்காக டாக்டரைப் பார்க்கிறவர். அவருக்கு மாரடைப்பு குறைவாக வந்தால், காரணம் மாத்திரையா, அவருடைய வாழ்க்கை முறையா? குடை பிடித்தவர்கள் நடக்கும் நாளில் மழை பெய்கிறது என்பதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா?

இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஆட்களைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு உண்மை மாத்திரையும் பாதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்துப் பல வருடம் காத்திருப்பது. காத்திருந்தார்கள்.

முதல் அடி பின்லாந்திலிருந்து வந்தது. சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் செய்த சோதனை. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994ல் முடிவு வந்தது. கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! அடுத்து அமெரிக்காவில், சிகரெட் பழக்கம் உள்ளவர்களும் கல்நார்த் தொழிலில் இருந்தவர்களுமாக 18,314 பேர். பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் கொடுத்தார்கள். புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடின. 1996 ஜனவரியில், முடிய வேண்டிய காலத்துக்கு 21 மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களை வைத்து 12 வருடம் நடந்த பீட்டா கரோட்டின் சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

குன்னூரில் குழந்தையின் கண்ணைக் காப்பாற்றிய அதே கரோட்டின்தான்! பொருள் மாறவில்லை. யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பது மாறியது. அந்தப் பழைய பட்டியல்படி பார்த்தால் 20 மில்லிகிராம் கரோட்டின் கிடைக்க தினமும் ஒரு கிலோவுக்கு மேல் கேரட் சாப்பிட வேண்டும். கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் விளைவிக்கிறவர்கூட அப்படிச் சாப்பிட மாட்டார்.

அடுத்தது வைட்டமின் ஈ. இங்கே நம் பக்கத்து மாநிலத்துக்காரர் ஒருவர் வருகிறார். சலீம் யூசுப். கேரளத்தில் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, ஆக்ஸ்போர்டு போய், பிறகு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இதய மருத்துவர். ஷூட் சகோதரர்கள் இருந்த அதே ஒன்டாரியோ மாகாணம்தான். அவர் தலைமையில் நடந்த 'ஹோப்' ஆய்வில் இதய நோயோ, அல்லது சர்க்கரை நோயுடன் வேறு ஆபத்துகளோ இருந்த, 55 வயதைத் தாண்டிய 9,541 பேருக்கு, பாதிப் பேருக்கு தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. நாலரை வருடம். 2000ல் முடிவு வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயநோய் மரணம் நேர்ந்தவர்கள் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களில் 16.2 சதவீதம். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 15.5 சதவீதம். அதாவது ஒரு பயனும் இல்லை. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2005ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு இதயம் பலவீனமாகும் பிரச்சினை கொஞ்சம் கூடுதலாக இருந்ததும் தெரிந்தது.

இந்த ஆய்வில் எல்லோரும் கவனிக்க வேண்டிய இன்னொரு பாதி இருக்கிறது. அதே ஆட்களில் பாதிப் பேருக்கு ராமிப்ரில் என்ற சாதாரண பிரஷர் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். அது கொடுக்கப்படாதவர்களில் 17.8 சதவீதம் பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இதயநோய் மரணம். கொடுக்கப்பட்டவர்களில் 14 சதவீதம். ஒரே ஆய்வு, ஒரே ஆட்கள், ஒரே மருத்துவர்கள். வைட்டமின் தோற்றது, பிரஷர் மாத்திரை வென்றது.

2002ல் இங்கிலாந்தில் 20,536 பேரை வைத்து இன்னும் பெரிய சோதனை. வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் சேர்த்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். ஒரு பயனும் இல்லை. அதே ஆட்களில் பாதிப் பேருக்குக் கொடுத்த கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டின், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது. மறுபடியும் அதே கதை.

லூசி வில்ஸின் ஃபோலிக் அமிலத்துக்கும் இதே பரீட்சை வைத்தார்கள். அது ஆன்டிஆக்ஸிடன்ட் வகை அல்ல. ஆனாலும் இதயத்தைக் காக்கும் என்று நம்பினார்கள். 2006ல் வந்த முடிவில் மாரடைப்பைக் குறைக்கவில்லை. கர்ப்பிணிக்கு அமிர்தமாக இருப்பது இதய நோயாளிக்கு அப்படி இல்லை.

2022ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழு, இதய நோயையோ புற்றுநோயையோ தடுக்க பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஈயும் சாப்பிட வேண்டாம் என்றே தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மாதா மாதம் பென்ஷனில் ஒரு பெரிய பங்கைக் கொடுத்து இந்த மாதிரி கேப்சூல் வாங்கிக்கொண்டிருந்தார். விற்றவர் அவருடைய உறவுக்காரர்தான். கெட்ட மனிதர் அல்ல, அவரும் நம்பித்தான் விற்றார். 'இது இயற்கையானது, இதைச் சாப்பிட்டால் இங்கிலீஷ் மாத்திரையைக் குறைத்துவிடலாம்' என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துத் தலைசுற்றல் என்று போனபோது மேல் அளவு 190. நல்லவேளை, டாக்டர் பிடித்துவிட்டார். கேப்சூலால் வரும் நேரடிக் கெடுதலை விட, வேலை செய்கிற மாத்திரையை அது வெளியே தள்ளிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஹோப் ஆய்வின் இரண்டு பாதிகளையும் அந்த அம்மாவின் வீட்டு மேஜையில் நான் பார்த்தேன்.

சரி, கேப்சூல் தோற்றது. உணவு?

அதே சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004ல் வந்தது. இந்தியாவும் அதில் உண்டு. மாரடைப்புக்குக் காரணமாக ஒன்பது விஷயங்களைக் கண்டார்கள். அவற்றில் புகை, கொழுப்பு, பிரஷர், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் எல்லாம் உண்டு. தினமும் காய்கறி, பழம் சாப்பிடுவதும் உடல் உழைப்பும் மாரடைப்பு குறைவோடு சேர்ந்து வந்தன. இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், சீட்டுக் குலுக்கல் சோதனை அல்ல. அதனால் கேரட்டுதான் காப்பாற்றியது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாடு விட்டு நாடு, ஆய்வு விட்டு ஆய்வு பதில் ஒரே பக்கம் சாய்கிறது. அதோடு, கீரை சாப்பிட்டு யாருக்கும் புற்றுநோய் 18 சதவீதம் கூடவில்லை.

காய்கறியில் வேலை செய்வது எது? ஒருவேளை ஆன்டிஆக்ஸிடன்ட்டே முக்கியக் காரணம் இல்லாமல் இருக்கலாம். பிரஷரைக் குறைக்கும் பொட்டாசியம் இருக்கிறது. கொழுப்பைக் கட்டுப்படுத்தும் நார்ச்சத்து இருக்கிறது. நூற்றுக்கணக்கான வேறு பொருள்கள் சிறு சிறு அளவில் சேர்ந்து இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல் தட்டில் ஏறினால் ஒரு கரண்டிச் சோறோ ஒரு பஜ்ஜியோ இறங்குகிறது. கேப்சூல் எதையும் இறக்காது. பஜ்ஜிக்கு மேல் கேப்சூல், அவ்வளவுதான். ஃப்ரீ ராடிக்கல்களும் முழுக்க எதிரிகள் அல்ல. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் பயன்படுத்தும் ஆயுதமே அதுதான். அதை மொத்தமாக அணைப்பது நல்லதல்ல.

நீலகிரிக்காரர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி டீ. 1993ல் நெதர்லாந்தில் ஜுட்ஃபன் என்ற ஊரில் 805 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. ஃபிளேவனாய்டு அதிகம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு. அவர்களுக்கு ஃபிளேவனாய்டு பெரும்பாலும் டீயிலிருந்துதான் கிடைத்தது, அடுத்து வெங்காயம், ஆப்பிள். 2007ல் பெர்லினில் 16 பெண்களை வைத்துச் செய்த சிறு சோதனையில், கறுப்பு டீ ரத்தக் குழாயை விரிய வைத்தது, பால் சேர்த்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. பதினாறே பேர் என்பதால் உடனே பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்கலாம். மெக்கரிசனின் எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்!

அதே தேயிலைச் சத்தைப் பிழிந்து கேப்சூலாக்கியபோது என்ன நடந்தது? 2003ல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த ஓர் எடைக்குறைப்பு மருந்தை, கல்லீரல் பாதிப்பு புகார்களால் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2018ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் அந்தச் சத்தை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று எச்சரித்தது. வழக்கமாகக் குடிக்கும் டீ பொதுவாகப் பாதுகாப்பானது என்றும் சொன்னது. ஒரே இலைதான். டம்ளரில் ஒன்று, டப்பாவில் வேறு.

இந்த மலையின் உணவு வரலாற்றையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ராகி, சாமை, அவரை, கீரை விளைந்த சரிவுகளில் இன்று பெரும்பாலும் தேயிலை. விளைகிற கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் மூட்டையாகக் கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. மேலே ஏறி வருவது பாலிஷ் அரிசியும் பாக்கெட் பலகாரமும். இப்போது கேப்சூலும் ஏறி வருகிறது. சத்தை லாரியில் அனுப்பிவிட்டு டப்பாவில் திரும்ப வாங்குகிறோம். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிற ஊரில் இது நடக்கிறது.

குன்னூர் ஆய்வுக்கூடத்தின் வாரிசான தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. நூறு வருடத்துக்கு முன் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் எலிகள் சொன்ன பதிலைத்தான் அது இன்று கிராம் கணக்கில் சொல்கிறது.

முடிவாக, என் வயதுக்காரர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

டாக்டர் எழுதிக்கொடுத்த பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரைகளை எந்தக் கேப்சூலுக்காகவும் நிறுத்தாதீர்கள்.

இரும்புச்சத்து, பி12, டி என்று ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் கொடுத்த சத்து மாத்திரை வேறு கணக்கு. அது பற்றாக்குறைக்கு மருந்து. அதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைட்டமின் ஈ கேப்சூலை டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. ரத்தக்கசிவு வரலாம். புகைபிடிக்கிறவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போக வேண்டாம்.

யாராவது டப்பாவை நீட்டினால் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளைப் படியுங்கள். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பொடி எழுத்தில் இருக்கும். விற்பவர் வாயால் சொல்வதற்கும் டப்பா சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த டப்பாவின் விலையில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு கீரை, எத்தனை கிலோ கொய்யா, எவ்வளவு நிலக்கடலை வாங்கலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணக்கு வாத்தியார் இல்லாமலே விடை வரும்.

உங்கள் ஹட்டியிலும் லைன் வீட்டிலும் பாட்டி காலத்தில் வாரம் எத்தனை நாள் கீரை, என்னென்ன கீரை என்று கமென்ட்டில் எழுதுங்கள். பெயர்கள் மறந்துபோவதற்குள் ஒரு பட்டியல் தயாரிப்போம். பயன்படும் என்று நினைத்தால் பென்ஷனர் குரூப்புகளில் பகிருங்கள்.